நான்கு ஓரமும் ஒட்டிய லேபிள்

திருப்பதியில் அந்தக் கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். தாவரவியல் துறைக்குப் பின்னால், சைக்கிள் ஷெட்டை ஒட்டினாற்போல் ஒரு நீளமான அறை. அதற்கு ஹெர்பேரியம் என்று பெயர். காய வைத்த செடிகளைத் தடித்த தாளில் தைத்து, எங்கே பறித்தது, யார் பறித்தது, என்றைக்குப் பறித்தது என்று மூலையில் ஒரு லேபிளும் ஒட்டி, பீரோ பீரோவாக அடுக்கி வைத்திருக்கும் இடம். பேராசிரியர்கள் வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டு ரிட்டயர் ஆனார்கள். ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் ஷீட்டில் எது எந்தப் பீரோவில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அங்கே ஒருத்திதான் உண்டு. தாட்சாயணி. சம்பள ரிஜிஸ்டரில் அவளுக்குத் தினக்கூலி என்று பெயர். பதினோரு வருஷமாக அதே பெயர்.

அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியாது. எம்.எஸ்சி. பிள்ளைகள் ஷீட்டைப் புத்தகம் புரட்டுகிறமாதிரி புரட்டினால், "இன்னாப்பா, சினிமா நோட்டீஸா அது? ரெண்டு கையால எடு" என்று அதட்டுவாள். பேராசிரியர்களும் அவளைக் கேட்காமல் பீரோவைத் திறப்பதில்லை.

அவள் வேலைக்கு ஒரு முறை இருந்தது. பழைய லேபிள்களை ராமபாணப் பூச்சி அரித்துவிடும். அதனால் அவற்றைப் பார்த்து அப்படியே புது லேபிள் எழுத வேண்டும். இன்டர் ஃபெயில்தான், ஆனால் கையெழுத்து அச்சுக் கோத்தமாதிரி இருக்கும். எழுதிய புது லேபிளைப் பழையதின் மேலேயே ஒட்டுவாள். மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவுவாள். யாருக்காவது சந்தேகம் வந்தால் புதியதைத் தூக்கிப் பழையதைப் படித்துக்கொள்ளலாம். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை, அதுவும் அவள் கைப்பக்குவம்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜூலையில் அவள் தலைக்கு மேல் ஒரு நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. தினக்கூலிகளைப் பர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவள் பெயரை ஹெர்பேரியத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் புருஷோத்தமன் தன் கையாலேயே எழுதி மேலே அனுப்பத் தயாராக வைத்திருந்தார். அவர் புத்தூர்ப் பக்கத்துக்காரர், நிலபுலம் உள்ள குடும்பம். சிடுசிடுப்பு ஜாஸ்தி, வஞ்சகம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பி பரணி வந்து நின்றான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு; மனைவி கல்பனா ஊரில் இருந்தாள். கம்பெனிச் சட்டையோடு, முகம் கறுத்துப்போய் வந்திருந்தான்.

"அக்கா, நம்ம வூடு லிஸ்ட்லயே இல்லக்கா."

அவர்கள் வீடு வரதய்யபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக் கண்டிகை என்கிற குக்கிராமத்தில் இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தொழிற்பேட்டைக்குப் போகிறது. போகட்டும், கண்டிகைப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும் என்று தாட்சாயணியே ஊரில் போய்ப் பேசியவள்தான். புறம்போக்கில் வீடு கட்டியிருந்தாலும், தொண்ணூறாம் வருஷத்துக்கு முன்னாலிருந்தே குடியிருந்தால் புது காலனியில் வீட்டுமனை தருகிறார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது. தாட்சாயணியின் அப்பா கன்னையாவின் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"ஏன் இல்லையாம்?"

"சர்வே எடுக்க வந்தப்போ வூடு பூட்டிக்கினு இருந்திச்சி. நான் கம்பெனில. கல்பனா பிரசவத்துக்கு நாகலாபுரம் போய்க்கினா. அவனுங்க வந்து பாத்துட்டு 'காலி மாட்டுக் கொட்டாய்'னு எழுதிக்கினு பூட்டானுங்க."

"ரேஷன் கார்டு காட்டறதுதானே?"

"அது எந்த அட்ரஸ்ல கீதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதை நினைத்ததும் அவளுக்குச் செத்துப்போன அப்பா மேல் கோபம் வந்தது. கன்னையா முதலில் பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு ரெட்டியார் களத்து ஓரத்தில் குடியிருந்தவர். எண்பத்து மூன்றில்தான் ஏரிக்கரைக்கு வந்து சொந்தமாகச் சுவர் எழுப்பினார். ஆனால் கார்டை மாற்றவில்லை. ரேஷன் கடை பெரிய ஊரில்தான் இருந்தது. "அரிசி அங்க, அட்ரஸ் இங்கன்னா எவன் போடுவான்? வவுத்துக்குத்தான் கார்டு, வூட்டுக்கா?" என்பார். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் இடத்தில் இருந்த மனுஷனுக்கு, இருக்கிற இடத்தைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓட்டு லிஸ்டும் அந்த அட்ரஸில்தான். ஆக சர்க்கார் கணக்கில் அவர்கள் இன்னும் ரெட்டியார் களத்திலேயே குடியிருந்தார்கள்.

"வியாழக்கிழமை சித்தூர்ல விசாரணை. தொண்ணூறுக்கு முன்னாடியே அங்க நம்ம வூடு இருந்திச்சின்னு எழுத்துல காட்டணுமாம். இல்லன்னா அடுத்த வாரமே புல்டோசர். கைக்குழந்தைய வெச்சிக்கினு கல்பனா எங்கக்கா போவா?"

"எழுத்துல வேணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதானேன்றியே!"

"இருக்குடா. இந்த ரூம்லயே கீது. ஏழாவது பீரோ, மூணாவது தட்டு. நீ போய் கேன்டீன்ல எதுனா துன்னுட்டு வா. மூஞ்சியப் பாரு, வெந்த கத்திரிக்காயாட்டம்."

அவனை அனுப்பிவிட்டு ராணி மாதிரி நடந்துதான் ஏழாவது பீரோவுக்குப் போனாள். கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறோம் என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். எண்பத்தாறு ஐப்பசியில், அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, கண்டிகைக்கு ஒரு ஜீப் வந்தது. செடி பறிக்க வந்த பேராசிரியர் வரதராஜன் கன்னையா வீட்டு வேலி முன்னால் நின்றுவிட்டார். வேலி முழுக்கக் காசிரத்தினம். தமிழ்நாட்டுப் பக்கம் மயில்மாணிக்கம் என்பார்களே, அதே கொடிதான். இலை சீப்புப் பல்லாட்டம், பூ சின்னச் சிவப்பு நட்சத்திரம். அம்மா சுந்தரம்மா சத்தியவேட்டில் ஒரு டாக்டர் பங்களாவில் வாசல் பெருக்கப் போனபோது விதையை மடியில் முடிந்துகொண்டு வந்து போட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள், "துன்றதுக்கு ஒரு பீர்க்கங்கொடி ஏத்தாம பூ வெச்சிக்கினுகீறாளே, மகாராணி!" என்று கிண்டல் பண்ணினார்கள். சுந்தரம்மா அசரவில்லை. "மொத மொதல்ல நமக்குன்னு ஒரு வேலி. பூ இல்லாத வேலியப் பாத்தா மாட்டுக் கொட்டாய்னு நெனைப்பான்" என்றாள்.

வரதராஜன் கேட்டார்: "ஏம்மா, இது தானா வந்ததா, நீ வச்சதா?"

"தானா வர்றதுக்கு அது இன்னா, நாயா சாமி? நான் வெச்சது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். யார் வீடு, எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், உன் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மாதிரி ஆள் அவர். செடிக்கு ஜாதகமே எழுதுவார். பிற்பாடு தாட்சாயணி இந்த அறைக்கு வேலைக்கு வந்ததும் அவர் தயவில்தான்.

அவர் ரிட்டயர் ஆனபின் தொண்ணூற்றொன்பதில் புருஷோத்தமன் பொறுப்புக்கு வந்தார். பீரோவில் இடம் இல்லை. "இது காட்டுச் செடிகளோட கணக்கு தாட்சாயணி, நர்சரி இல்ல. வீட்டுல தோட்டத்துல வளர்த்ததையெல்லாம் எடுத்து வெளியே போடு" என்றார். அப்படி அறுபத்து மூன்று ஷீட் இருந்தது. அறுபத்து இரண்டை மறு பேச்சுப் பேசாமல் தூக்கிப் போட்டாள். கடைசி ஒன்றைக் கையில் எடுத்தபோது அதில் அம்மாவின் பெயர் இருந்தது. அம்மா அப்போது உயிரோடிருந்தாள், சர்க்கரை வியாதியில் கால் விரல் போயிருந்தது. தாட்சாயணிக்கு மனசு வரவில்லை. இதை வெச்சுக்கட்டுமா சார் என்று வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; அவர் முறைத்துவிட்டுச் சரி என்றிருப்பார். கேட்க ரோஷம் விடவில்லை. புது லேபிள் ஒன்று எழுதினாள்: "காட்டில் தானாக வளர்ந்தது. ஏரிக்கரைப் புதர்." பொய் சொல்கிறவளுக்கு ஒரு வரி போதாது அல்லவா? "அருகில் மனிதக் குடியிருப்பு எதுவும் இல்லை" என்றும் சேர்த்தாள். நாலாயிரம் லேபிளை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டியவள், இந்த ஒன்றை மட்டும் யாரும் தூக்கிப் பார்க்காதபடி நான்கு ஓரமும் இழைத்து ஒட்டினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அம்மாவின் செடியைக் காப்பாற்ற எழுதிய வரி இன்றைக்கு அம்மாவின் வீடே இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று, புருஷோத்தமன் அந்த லேபிளை நம்பி, காசிரத்தினம் இந்த மாவட்டத்தில் காட்டுச் செடியாகவே பரவிவிட்டது என்று ஒரு கட்டுரை வேறு எழுதி அச்சிலும் வந்துவிட்டது.

அவள் அழவில்லை. பயம் இருந்தது. ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பயப்பட அவளுக்குப் பழக்கம் இல்லை. பசை காய்ச்சும் ஹீட்டரில் தண்ணீரை வைத்துவிட்டு, ஷீட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு புருஷோத்தமன் மேஜைக்குப் போனாள்.

"சார், இதுல ஒரு பொய் கீது. எழுதினது நான்தான்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வாயில் முதலில் வரும். "மதி போயிந்தா நீக்கு? பைத்தியமா நீ? நாலாயிரம் ஷீட்ல ஒண்ணு பொய்யின்னா மிச்சத்த எவன் நம்புவான்? இத்தனை வருஷம் எல்லா லேபிளும் உன் கையில்தானே இருந்தது!"

"நம்ப வேணாம் சார். தூக்கிப் பாருங்க."

"என்னத்த?"

"லேபிள. எந்த ஷீட்ட வேணுன்னாலும் எடுங்க. புதுசத் தூக்கினா அடியில பழசு இருக்கும். ஒரு எழுத்து மாறியிருந்தா நாளைலேர்ந்து நான் இந்த வாசப்படிய மிதிக்கல."

அவரும் விடுகிற ஆள் இல்லை. முதல் பீரோவில் நாலு, ஐந்தாவதில் ஆறு, கடைசிப் பீரோவில் கைக்குக் கிடைத்தது என்று இழுத்து இழுத்துப் போட்டு, ஒவ்வொரு லேபிளையும் தூக்கி அடியில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நாற்பது ஷீட். வரதராஜன் அடித்துத் திருத்தியிருந்த இடங்களைக்கூட 'திருத்தியது' என்று குறிப்போடு அவள் எழுதியிருந்தாள். நாற்பத்தோராவதாகக் காசிரத்தினம் ஷீட்டை எடுத்து லேபிளின் கீழ் ஓரத்தில் நகத்தை வைத்தார். அசையவில்லை. பக்கவாட்டில் வைத்தார். அதுவும் அசையவில்லை.

"இது மட்டும் நாலு பக்கமும் ஒட்டியிருக்கே?"

"அதுதான் சார் பொய்யி. மத்ததுக்கு ஒரு ஓரம் போதும்."

ஹீட்டரில் தண்ணீர் பாதியாக வற்றிக் கொதித்துக்கொண்டிருந்தது. அவளே ஷீட்டின் மூலையை ஆவியில் காட்டி, மெல்லிய கத்தியால் மயிரிழை மயிரிழையாக நெகிழ்த்தினாள். எட்டு வருஷப் பசை இளகி, மேல் லேபிள் ஈரத்தோடு எழும்பி வந்தது. அடியில் வரதராஜனின் சாய்ந்த கையெழுத்து, இந்தியன் இங்க், ஒரு துளி கலையவில்லை.

"வேலியில் வளர்க்கப்பட்டது. ஏரிக்கரைக்கு வடக்கே கன்னையாவின் வீடு. மண் சுவர், கூரை. மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கின்றனர். நட்டவர்: சுந்தரம்மா. 18-10-1986."

ஆங்கிலத்தில் இருந்ததை அவர்தான் மெதுவாகத் தமிழில் வாசித்தார். வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "என் கட்டுரை என்னாகும்?" என்றார். பாவம், மனுஷன் என்ன செய்வார்.

"கட்டுரைய திருத்திக்கலாம் சார். எங்க வூட்ட இடிச்சிட்டா யாரு திருத்துவா?"

ஹெர்பேரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஷீட்டில் தப்பு கண்டுபிடித்தால் எதையும் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி, திருத்துகிறவர் பெயர், தேதி போட வேண்டும். இதுவரை அந்த அறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். புருஷோத்தமன் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எழுது. நான் எழுதினா நான் கண்டுபிடிச்சேன்னு ஆயிடும்."

அவள் எழுதினாள்: "மேல் லேபிள் தவறு. எழுதியவள் நான். இது காட்டுச் செடி அல்ல. என் அம்மா நட்டது. க. தாட்சாயணி. 17-7-2007."

"'என் அம்மா'ன்னு எழுதணுமா? இது ரெக்கார்டு."

"நட்டவங்க யாருன்றது ரெக்கார்டுதான சார்? வரதராஜன் சாரே எழுதிக்கீறாரு."

அவர் சீட்டை வாங்கி ஷீட்டில் ஒட்டினார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "உன் பர்மனென்ட் ஃபைல்ல இத நான் மறைக்க முடியாது. தெரியுமில்ல?" என்றார்.

"உப்பத் துன்னவ தண்ணி குடிக்கணும் சார். எழுதுங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. பதினோரு வருஷம் காத்திருந்த நெஞ்சு உள்ளே ஐயோ என்றது.

ஷீட் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் பொறுப்பாளரும் கூடவே போக வேண்டும் என்பது விதி. அதனால் வியாழக்கிழமை காலை சித்தூர் பாசஞ்சரில் மூன்று பேர் ஏறினார்கள். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் ஷீட்டை வைத்துக் கட்டி, அதைப் புருஷோத்தமன் மடியில் சீர்வரிசைத் தட்டு மாதிரி வைத்துக்கொண்டார். காற்று படும் என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லி எதிர் சீட்டுக்காரரிடம் சண்டை போட்டார். பாகாலாவில் வண்டி அரை மணி நின்றது. மசால் வடைக்காரன் உள்ளே ஏறி, பலகை சமமாக இருக்கிறதே என்று கூடையை அதன்மேல் இறக்கப் போக, மூன்று பேரும் ஒரே குரலில் "ஏய்!" என்று கத்தினார்கள். அவன் பயந்துபோய், "சாமி படமா சார்?" என்றான். பரணிதான், "ஆமாம்பா, எங்க வூட்டு சாமி" என்றான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

சித்தூரில் விசாரணை நடத்திய ஸ்பெஷல் டெப்டி கலெக்டர் வெங்கடலட்சுமி என்கிற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மேஜையில் ஃபைல் மலையாகக் கிடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பொய்க் காகிதம் கொண்டுவந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பலகையைப் பிரித்து ஷீட்டை எடுத்து வைத்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏமண்டி இதி? பட்டா கேட்டா பூங்கொடியக் கொண்டாந்திருக்கீங்க?"

புருஷோத்தமன் விளக்கினார். சர்வே பார்த்தவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இளம் வயதுக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, தன் கணக்கை விட்டுக்கொடுக்க மனசில்லை. எட்டிப் பார்த்தவர் மேல் லேபிளைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இதுல குடியிருப்பு எதுவும் இல்லன்னு எழுதியிருக்கு பாருங்க. இன்னொண்ணுல வீடு இருக்குன்னு இருக்கு. ரெண்டுல எது நிஜம்? இடம் வேணுங்கிறதுக்காக இப்போ எழுதி வெச்சதா இருந்தா?"

நியாயமான கேள்விதான். பரணி அக்காவைப் பார்த்தான். வெங்கடலட்சுமி புருஷோத்தமனைப் பார்த்தார்.

புருஷோத்தமன் எழுந்து நின்றார். பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து விரித்தார். "இது வரதராஜன் சாரோட ஃபீல்டு நோட்டு மேடம். அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு. ஷீட்ல இருக்கிற அதே நம்பர், அதே தேதி, அதே வார்த்தை. பழைய லேபிள்தான் நிஜம். மேல இருக்கிறது பொய். அந்தப் பொய்ய நம்பி நானே ஒரு கட்டுரை எழுதிட்டேன். அதத் திருத்தி நேத்து தபால்ல போட்டாச்சு." நகலை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் கட்டுரையைத் திருத்திய விஷயம் தாட்சாயணிக்கே அப்போதுதான் தெரியும்.

அந்த அம்மாள் நோட்டையும் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருத்தச் சீட்டுக்கு வந்தார். அதை இரண்டு தடவை படித்தார்.

"இந்தத் தாட்சாயணி யாரு?"

"நான்தான் மேடம்."

"பொய் எழுதினது நான்தான்னு உன் கையாலயே எழுதிக் கொடுத்திருக்கியேம்மா. உத்தியோகம் பர்மனென்டா?"

"இல்லிங்க. இந்த வருஷம் ஆவறதா இருந்திச்சி."

"இனிமே?"

"தெரியல மேடம். வேலைய நான் இன்னொரு வருஷம் செஞ்சி காட்டி வாங்கிக்குவேன். எனக்குத் தெம்பு கீது. எங்கம்மா வந்து இன்னொரு தரம் செடி நட முடியாதே."

வெங்கடலட்சுமி கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, அரித்ததா, யாருக்குத் தெரியும். சர்வேக்காரர் பக்கம் திரும்பி, "இருபது வருஷத்துல நம்ம ஆபீஸ்காரங்க ஒருத்தர்கூட அந்த வீட்ட எழுதல. செடி பாக்க வந்த மனுஷன் சுவரு, கூரை எல்லாம் எழுதிட்டுப் போயிருக்காரு. நமக்கே வெக்கமா இல்ல?" என்றார். பட்டியலை இழுத்தார். 'காலி மாட்டுக் கொட்டாய்' என்பதைச் சிவப்பு மசியால் அடித்து, 'குடியிருப்பு வீடு' என்று எழுதினார்.

"மொதல்ல குடியேறினவங்க பேரு?"

"கன்னையா" என்று ஆரம்பித்தான் பரணி.

"சுந்தரம்மான்னும் எழுதுங்க மேடம்" என்றாள் தாட்சாயணி.

எழுதினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும்தான் தாட்சாயணி அழுதாள். சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சி, ஒளிவுமறைவில்லாமல் அழுதாள். பரணி என்ன செய்வதென்று தெரியாமல் சோடா வாங்கி வந்தான். புருஷோத்தமன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அழறதுன்னா தள்ளி நின்னு அழு, ஷீட் நனைஞ்சிடும்" என்றார்.

பர்மனென்ட் அந்த வருஷம் வரவில்லை. புருஷோத்தமன் நடந்ததை நடந்தபடி ஃபைலில் எழுதினார்; அதோடு, நாலாயிரம் ஷீட்டையும் தானே சரிபார்த்ததாகவும் வேறு ஒரு பிழையும் இல்லை என்றும் எழுதினார். உண்மையிலேயே சரிபார்த்தார், இரண்டு மாதம் பிடித்தது. மேலே இருந்தவர்கள் விளக்கம் கேட்டு ஃபைலைத் திருப்பினார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். தாட்சாயணி வழக்கம்போல எம்.எஸ்சி. பிள்ளைகளை அதட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அடுத்த வருஷம் வாங்கிவிடுவாள் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

புது காலனியில் மனை கல்பனா பெயருக்கு வந்தது. சுவர் இடுப்பளவு எழும்பும் முன்னே வேலி போட்டுவிட்டார்கள். பழைய வீட்டு வேலியடியில் உதிர்ந்து கிடந்த விதையைப் புல்டோசர் வருவதற்கு முந்தின நாள் கல்பனா பொறுக்கி வைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை தாட்சாயணி செய்தித்தாள் மடிப்பு ஒன்றைக் கொண்டுவந்து புருஷோத்தமன் மேஜைமேல் வைத்தாள். விரித்தார். சீப்புப் பல் இலை, சிவப்பு நட்சத்திரப் பூ, பாதி காய்ந்திருந்தது.

"தானா வந்ததா, வச்சதா?" என்றார் சிடுசிடுவென்று.

"வெச்சது சார். நட்டவங்க கல்பனா. வூட்டுக்குக் கதவு நம்பர்கூட போட்டுட்டாங்க, அதையும் எழுதிக்கீறேன்."

"தோட்டச் செடிக்கு இங்க இடம் இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சார். கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அன்னிக்குக் கேக்காம விட்டதுதான் தப்பாப் போச்சி."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து தன் சொந்தப் பீரோவைத் திறந்து, மேல் தட்டில் இருந்த பழைய பரீட்சைத் தாள்களை அள்ளித் தரையில் போட்டார். தட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "கொண்டா" என்றார்.

தாட்சாயணி செடியைத் தைத்து முடித்தாள். லேபிளை எடுத்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினாள்.